இலவச மென்பொருளுக்கு ஊற்றிய டீசல்

கிளிநொச்சியில் எங்கள் சிறிய நூலகத்துக்காக, இலவசமாகக் கிடைக்கும் ஒரு திறமூல மென்பொருளை நிறுவ இன்றும் முயன்றேன். புத்தகங்களைக் கணினியில் பதிந்த பிறகே வாசகருக்குக் கொடுப்பது என்று முடிவு. அதனால் புத்தகப் பெட்டிகள் இன்னும் கட்டியபடியே கிடந்தன.

சீடியைப் போட்டால் அது இன்னொரு மென்பொருளைக் கேட்கிறது. அந்த மென்பொருள் வேறொன்றைக் கேட்கிறது. நூலகத்தில் இணையம் இல்லை; ஒவ்வொன்றையும் இறக்க, சந்தையடி நெற் கபேக்குச் சைக்கிளில் ஓட வேண்டும்.

நூலகர் வசந்தி அக்கா கணினியை ஓட்டும் ஜெனரேட்டருக்கு மறுபடி டீசல் ஊற்றிவிட்டு வந்தார்.

“தம்பி, இது சும்மா கிடைக்கிறது எண்டெல்லோ சொன்னனீர்?”

“ஓம் அக்கா.”

“அப்ப ஏன் இவ்வளவு செலவு?”

எனக்கும் அதை அறிய ஆசை. நெற் கபேயிலிருந்து, அதை உருவாக்கியவருக்கே எழுதிக் கேட்டேன். அடுத்ததை இறக்கி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“இணையம் இல்லாத இடத்தில் இதை நிறுவுவார்கள் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை. அங்கே எப்படி வேலை செய்கிறீர்கள்? விவரமாக எழுதுங்கள்.”

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஆறுதலா எழுதும். அவர் திருத்தி அனுப்பும் வரைக்கும் பிள்ளையள் காத்திருக்கேலாது. வாரும், பெட்டியளை உடைப்பம்.”

உடைத்தோம். பின்னேரமே வாசிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இணையம் இல்லாத இடத்தில் இதை நிறுவி முடித்தவர் யாராவது உண்டா? அவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.