வண்டியை ஓட்டுவது யார்?

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மைசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பல வருஷம் போய்வந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு புதுக் கார் வாங்கினேன். வாங்கிய மாதமே, ஓடிக்கொண்டிருக்கும்போது அது அணைந்துபோக ஆரம்பித்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடும். எப்படியோ ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

ஷோரூம் சர்வீஸில் விட்டேன். சோதித்துவிட்டுக் கோளாறே இல்லை என்றார்கள். கூடவே ஒரு கேள்வி: "வண்டி ஓட்டறது யாரு மேடம், நீங்களா?" ஆமாம் என்றதும் கிளட்ச்சை எப்படி மிதிப்பது என்று சொல்லித் தந்தார்கள். மறுபடி போனேன். மறுபடியும் கிளட்ச் பாடம். மாற்று வண்டி வேண்டும் என்று கேட்டபோது சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். நிற்கவே இல்லை.

"நல்லாத்தான போவுது? நீ பயந்துக்கிட்டு கால எடுத்தர்றயாட்ட இருக்குது" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்று சமையலறையில் நின்று அழுதேன். அதைவிட மோசம், எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் சர்வீஸ் மேனேஜரிடமே போனேன். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து ஆள், தமிழ் பேசுவார். "நான் ஓட்டலீங்க. எங்கூட வந்து நீங்களே ஓட்டுங்க. நான் டூட்டிக்குப் போற ரோட்டுல, நான் போற நேரத்துல" என்றேன். வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்.

வழியெல்லாம் போனில் பேசியபடி ஓட்டினார். கபினி ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி அணைந்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அவர் சாவியைத் திருப்பினார், திருப்பினார். போன் காலடியில் விழுந்துவிட்டது. இறங்கி இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டினோம். வியர்வையில் சட்டை நனைந்து, முகம் வெளுத்து நின்றார்.

"தினமும் இப்பிடித்தானாக்கா?" அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர்.

"அதத்தானுங்க இத்தன நாளா சொல்றேன்."

அவர் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வண்டியை இழுத்துப் போக ஆள் வரும்வரை அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகும் லேசில் முடியவில்லை. ஒரு பாகத்தை மட்டும் மாற்றித் தருவதாகக் கார் கம்பெனி சொன்னது. "நானே ஓட்டிப் பாத்தனுங்க, இத அந்தக்கா கையில குடுக்க மாட்டேன்" என்று மேனேஜர் அவர்களிடம் போனில் சண்டை போட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வாரக்கணக்கில் மறுபடி பஸ்ஸில் போனேன். பிறகு வேறு கார் தந்தார்கள். நான் கேட்ட சிவப்பு இல்லை, வெள்ளைதான் இருந்தது. சரி என்றேன்.

சாவி வாங்கப் போன அன்று, போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டுக்காரர் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். நான் ரிங் ரோடு வரைக்கும் ஓட்டினேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்:

"நடு ரோட்டுல நிக்கறப்ப ரொம்பப் பயமா இருந்துச்சா?"

"ஆமாங்க" என்றேன். "ரொம்ப."