கூட்டித் துப்புரவாக்கிய வளவு

கணவரின் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வளவை ஐந்து நாள் அண்ணையின் பொறுப்பில் விட்டுப்போனேன். அண்ணை என் கூடப்பிறந்தவர். முப்பத்தைந்து வருடம் கனடாவில் இருந்து ஓய்வு பெற்றபின், மூன்று மாதம் எங்களோடு நிற்க வந்திருந்தார். பசுவுக்கு எப்போது தண்ணீர் வைப்பது, ஆடுகளுக்கு எந்த வேலியில் குழை ஒடிப்பது, கோழிகளை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவது என்று எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பால் கறக்கப் பக்கத்து வீட்டு அக்கா வருவதாக ஏற்பாடு. சருகில் கை வைக்காதீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. அதை எழுதவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அரை ஏக்கர் வரும் எங்கள் எட்டுப் பரப்பில் வெறும் தரை என்று ஒன்று கிடையாது. பூவரசஞ் சருகு, வாழைச் சருகு, வைக்கோல், மாட்டுக் கொட்டிலில் வழித்த சாணம் எல்லாம் ஒரு சாண் உயரத்துக்கு மூடிக் கிடக்கும். கோழிகள் அதைக் கிளறிப் புழு பொறுக்கும். அதன் கீழே வெயிலிலும் ஈரம் நிற்கும். ஆறு வருடத்துக்கு முன்பு அந்த மண்ணில் மண்வெட்டி போட்டால் கை அதிரும். இப்போது மணிக்கட்டு வரை விரலை இறக்கலாம். கத்தரியும் வெண்டியும் மரவள்ளியும் ஆட்டுக்குப் புல்லும் அதிலிருந்துதான். கடையில் நாங்கள் வாங்குவது அரிசி, உப்பு, சீனி, தேயிலை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ரயிலில் வைத்தே விஷயம் தெரிந்துவிட்டது. கனடாவில் இருக்கும் அண்ணி, அண்ணை எடுத்தனுப்பிய படத்தைக் கைத்தொலைபேசியில் எனக்கும் அனுப்பியிருந்தார். "இப்பத்தான் வளவு வடிவாக் கிடக்கு" என்று கீழே ஒரு வரி. எனக்கு முதலில் அது எங்கள் வளவு என்றே தெரியவில்லை. சிவந்த தரை, விளக்குமாறு இழுத்த கோடு கோடாக. நடுவில் என் கத்தரிக் கன்றுகள், உடுப்பில்லாமல் தெருவில் விட்ட பிள்ளைகளைப்போல. பக்கத்தில் கண்ணில் கட்டோடு இருந்த மனுஷனுக்குப் படத்தைக் காட்டவும் முடியவில்லை.

படலையைத் திறந்தபோது புகை மணம் இன்னும் போகவில்லை. ஆறு வருடச் சருகு மூலையில் சாம்பலாகக் கிடந்தது. கோழிகள் கூட்டுக்குள் அடைபட்டுக் கத்திக்கொண்டு நின்றன. கூட்டின இடத்தை அழுக்காக்கிவிடுமாம். அண்ணை இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கொப்புளங்களைக் காட்டினார்.

"ரண்டு பேரைக் கூலிக்குப் பிடிச்சு, நானும் சேந்து மூண்டு நாள் கூட்டினது பிள்ளை. எப்பிடி இருக்கு?"

"ஆரைக் கேட்டுக் கொளுத்தினீங்கள் அண்ணை?"

"குப்பையைக் கொளுத்த ஆரைக் கேக்கிறது? ஊர்ச்சனம் உன்னைப் பாத்துச் சிரிக்குது. உதுக்குள்ளை பாம்பு கிடந்தா?"

"கிடந்தா என்ன? ஆறு வருசத்திலை ஒரு பாம்பும் எனக்கு இவ்வளவு செய்யேல்லை."

அவர் முகம் சுருங்கிப்போனது. என் கணவர் என் கையைப் பிடித்து, "விடும், அவர் நல்லதுக்குத்தானே செய்தவர்" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கெட்டதுக்குச் செய்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன். நல்லதுக்குச் செய்தவருக்கோ தேநீர் ஊற்றிக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

பால் கறக்க வந்த அக்கா அதற்கு மேல். "இப்பத்தான் பிள்ளை ஆக்கள் இருக்கிற வளவு மாதிரிக் கிடக்கு" என்று செம்பைத் தந்துவிட்டுச் சிரித்தார். இவர்களின் தோட்டக் காணியில் வருடா வருடம் கிடங்கு வெட்டிப் பனையோலை புதைத்துத் தாழ்க்கிறார்கள். மண்ணுக்குப் பசளை என்று அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் அதே ஓலை வீட்டு முற்றத்தில் கிடந்தால் அது குப்பை, வீட்டுக்காரி சோம்பேறி. தோட்டத்தில் ஒரு நியாயம், வளவுக்குள் ஒரு நியாயம். இந்த ஊரில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை விளக்குமாற்றுக் கோட்டை வைத்துத்தான் அளக்கிறார்கள் என்று நான் சொன்னால், எனக்குத்தான் வாய் நீளம்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை வெயில். தரை வெடிக்கத் தொடங்கியது. முன்பு இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் விட்ட பாத்திகளுக்கு, இப்போது காலையும் மாலையும் விட்டும் வெண்டி தலை தொங்கியது. நான் தெருத் தெருவாகச் சாக்கோடு போய், மற்றவர்கள் கூட்டிக் குவித்த சருகை அள்ளிக்கொண்டு வந்தேன். அண்ணை அதையும் தலைகுனிவு என்றார். எட்டுப் பரப்பில் அரைப் பரப்பைக்கூட மூட முடியவில்லை.

ஐப்பசியின் முதல் பெருமழை ஒரு பின்னேரம் கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் விறாந்தையில் நின்றோம். முன்பெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் எங்கள் வளவுத் தண்ணீர் படலையைத் தாண்டாது, சருகு குடித்துவிடும். அன்றைக்குச் சிவப்பாக, சாம்பல் கரைந்த நுரையோடு, பாத்திகளை அறுத்துக்கொண்டு ஓடியது. படலைக்குக் கீழால் போய் வெளியே ஒழுங்கையில் இறங்கியது. இறுகிய முற்றமுள்ள அடுத்த வீடுகளுக்கு முன்னால் ஓடிய தண்ணீர் வெறும் கலங்கல்தான். எங்களுடையதில்தான் அந்தச் சிவப்பு.

அண்ணை அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உது எங்கடை மண்ணோ?"

"ஓம். ஆறு வருசம்."

அண்ணை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி ஓடினார். அறுபத்தெட்டு வயது மனுஷன், படலையடியில் குனிந்து நின்று சேற்றை அள்ளி அள்ளி அணை கட்டினார். தண்ணீர் ஒருபக்கம் நின்று மறுபக்கத்தால் போனது. அவர் மறுபக்கம் ஓடினார்.

"அவருக்குக் குடையைக் கொண்டுபோய்க் குடும்" என்றார் என் கணவர்.

நான் கொண்டுபோகவில்லை.