ஏழாம் எண் தட்டு

கடல் என்ற ஒன்றை நான் முதலில் பார்த்தது பெரியநாயக்கன்பாளையத்தில், எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்லூரியில் நிலவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அரியலூர்ப் பக்கத்து ஓடைக்கரைகளில் அடுக்குவாரியாக வெட்டி எடுத்த மண்ணை வாளியில் ஊறவைத்து, சன்னமான சல்லடையில் அலசிக் காயவைத்து, எண் எழுதிய சின்னத் தட்டுகளில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பார். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடினால் மேசை அதிரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வேலை நாள்.

“அம்மணி, மூச்ச மெதுவா உடு. பறந்து போயிரும்,” என்று சொல்லி என்னையும் பார்க்க விடுவார். உள்ளே கடுகைவிடச் சிறிய ஓடுகள், ஜிலேபி போலச் சுருண்டும் பொரி போல உப்பியும் வெளிச்சத்தில் கிடக்கும். அரியலூர் ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலாக இருந்ததாம். அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளாம் அவை. ஒவ்வொரு வகையும் ஒரு காலத்தில் தோன்றி, பிறகு இல்லாமலே போய்விட்டதால், எது கிடக்கிறது என்று பார்த்து மண்ணின் வயதைச் சொல்லிவிடலாமாம். நான் நிமிர்ந்து பார்த்தால் சிமெண்ட் தரை வெகுநேரம் அசைந்துகொண்டிருக்கும். ஜன்னல் வெயிலில் தூசிகூட நீந்தும்.

ஏழாம் எண் தட்டில்தான் சிக்கல். ஓரத்தில் முள் வைத்த ஒரு வகை ஓடு அதில் கிடைத்தால் அந்த அடுக்கின் வயது உறுதியாகும், ஆராய்ச்சியும் முடியும். நான்கு ஞாயிறு தேடியும் இல்லை. தையில் அத்தைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், அதற்குள் ஆராய்ச்சியை முடித்தாக வேண்டும். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் தட்டில் அந்த வகை நிறையக் கிடந்தது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் தூரிகை நுனியை நாக்கில் நனைத்து, ஒன்றை ஒற்றியெடுத்து ஏழில் வைத்தேன்.

அன்று மாலை அத்தை போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த வாரம் முழுக்க வீடே மிதந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. “இது மட்டும் மூணாம் தட்டுல இருக்கற மாதிரி துரு நெறமா இருக்குது. மத்ததெல்லாம் வெள்ளை,” என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, நீ எடுத்து வெச்சயா?”

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் திட்டவில்லை. அந்த ஓட்டை எடுத்து மூன்றாம் தட்டிலேயே போட்டார்.

சாப்பிடும்போது அப்பாவிடம், “அண்ணா, ஏழாம் நெம்பர் மண்ணுல தப்புப் பண்ணிப்போட்டனுங்க. இன்னொருக்கா அரியலூர் போகோணும். தைக்குள்ள முடியாதுங்க,” என்றார்.

“மாப்பிள்ளை ஊட்ல நான் என்னன்னு சொல்றது?” என்று அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை, கல்யாணம் நின்றுபோனது. மறுபடி போய் எடுத்துவந்த மண்ணிலும் அந்த ஓடு இல்லை. ஏழாம் அடுக்குக்கு நேராக, வயது உறுதியில்லை என்றே அத்தை எழுதிக் கொடுத்தார்.

என் பெயர் வெளியே வராத நிம்மதியும், அத்தை இன்னும் ஒரு வருடம் எங்களோடு இருப்பார் என்ற சந்தோஷமும்தான் எனக்கு அப்போது. அந்தத் துரு நிறத்தைப் பார்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான், பார்க்காததுபோல் அவர் இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.