மகள் சேர்ந்த விடுதியும் நான் பூசிய தரையும்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசல் மினாரா இரண்டு. வயல்பக்கம் மதகு பதினொன்று, அதில் ஒன்று யானை முட்டியும் அசையவில்லை. நெல் ஆலை மூன்று. சுனாமியில் கடல் வந்து போன பிறகு, வீதி எது வளவு எது என்று தெரியாமல் கிடந்த மணலில் நூல் பிடித்து எழுப்பிய வீடுகள் நாற்பதுக்கு மேல். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டி வைத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது வழக்கம். அப்படி மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு, மூன்றும் என் கையால். நான்காமவளின் வீடு மட்டும் ஜன்னல் உயரத்தோடு நிற்கிறது. அவள் படிக்கப் போகிறேன் என்றாள்.

இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாப்பா மவுத்தாகி அடக்கிய அடுத்த கிழமை கொப்பியை வைத்துவிட்டுச் சாந்துச் சட்டி தூக்கினேன். பிளானில் உள்ள இங்கிலீஷ் எழுத்து இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோடு தெரியும். அது போதுமாக இருந்தது.

பட்டியலில் இன்னொன்றும் உண்டு. எங்கள் கரையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு கல்லூரியில், பெண் பிள்ளைகள் தங்கும் விடுதி. கடைசி மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டியது. ஒப்பந்தம், எங்கள் பேச்சில் கொந்தராத்து, எடுத்தவர் வெளியூர்க்காரர். கல் வைத்ததும் பூசியதும் நான். வாசலில் பதித்த பளிங்குக் கல்லில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், கொந்தராத்துக்காரர். மூன்று பேரும் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை.

அந்த விடுதியில் நான் செய்த ஒரு காரியத்தைப் பதினெட்டு வருடமாகக் கலியாண வீடுகளில் சொல்லி வந்திருக்கிறேன். பிளானில் மலசலகூடங்களைக் கிப்லாவைப் பார்த்துக் குந்தும்படி போட்டிருந்தார்கள். தொழுகிற திசையைப் பார்த்தும் குந்தக்கூடாது, அதற்கு முதுகைக் காட்டியும் குந்தக்கூடாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பிளான் போட்ட இஞ்சினியருக்குத் தெரியவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆறு மலசலகூடத்தையும் வடக்குத் தெற்காகத் திருப்பிவிட்டேன். மேற்பார்வைக்கு ஓவசியர் வந்து பார்க்கும்போது சீமெந்து இறுகிவிட்டது.

அதே விடுதிக்குத்தான் என் மகளுக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை நானும் மனைவியும் கொண்டுபோய் விட்டோம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனதில் என் முழங்கால் வீங்கிவிட்டது. அறுபத்தாறு வயது. ஆனாலும் அந்தக் கட்டடத்தைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டடியில் சீனியர் பிள்ளைகள் பத்துப் பேர் நின்றார்கள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடம் சொன்னேன்.

“மகள்மாரே, இந்தச் செவரு, மாடி, கக்கூசு எல்லாம் எண்ட கை. ஒங்களுக்காகக் கிப்லாவ விட்டுத் திருப்பி வெச்சவனும் நாந்தான்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மரியாதையாக்கும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சுபஹு தொழுதுவிட்டு வந்து உட்கார, மகளின் போன் வந்தது.

“வாப்பா, எனக்கு ஏலா. நான் வாறன்.”

“என்ன புள்ள, சாப்பாடு சரியில்லயா?”

“சாப்பாடெல்லாம் இரிக்கி. எனக்கு ஏலா.”

போனை வைத்துவிட்டாள். புதன்கிழமையும் அதே கதை. மனைவி போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

“ஒங்கட பெருமக் கதையெல்லாம் அங்க தண்ணியா நிக்குதாம்.”

விசயம் இதுதான். மலசலகூடத் தரையில் கழுவுகிற தண்ணீர் ஓடிப் போகாது. வாசலடியில் தேங்கி, பிள்ளைகள் நடக்கிற விறாந்தைக்கு வரும். பதினெட்டு வருடமாக அப்படித்தான் வந்திருக்கிறது. விடியற்காலையில் அதைத் தும்புத்தடியால், அந்த நீளத் துடைப்பத்தால், தள்ளுவது புதிதாக வருகிற பிள்ளைகளின் வேலை என்று விடுதியில் ஒரு பழக்கம். தள்ளும்போது, கட்டிய மேசனுக்கு ஆளுக்கு ஒரு திட்டு வைப்பதும் பழக்கம். மேசன் யாரென்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை நான் கேட்டடியில் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மேசனைப் பாஸ் என்பார்கள். அன்றிலிருந்து என் மகளுக்குப் பெயர் ‘பாஸ்ட மகள்’. தும்புத்தடியை மற்றவர்கள் தொடுவதில்லையாம். “வாப்பா உட்டுட்டுப் போனத மகள் முடிக்கட்டும்” என்று அவள் கையிலேயே கொடுக்கிறார்களாம். “ஒங்கட வாப்பா ஒத்தக் கால்ல சரிஞ்சு நிண்டா மட்டம் பாத்தாரு?” என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய் உடுப்புப் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவாள், பிறகு போகமாட்டாள்.

பாயில் படுத்தபடி அந்தத் தரையை யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடினால் நான் பூசிய எந்தத் தரையும் எனக்கு வரும். இது வரவேண்டாம் என்று பார்த்தேன், வந்தது. மலசலகூடத்தைத் திருப்பியதும் தண்ணீர் போகிற துவாரம் மற்ற மூலைக்கு மாறிவிட்டது. தரையின் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவை, நான் அந்த மூலைக்குத் திருப்பியிருக்க வேண்டும். நோன்பு காலம், திறப்பு விழாவுக்கு நான்கு நாள், கொந்தராத்துக்காரர் நின்று கத்துகிறார். பழைய சரிவிலேயே பூசி முடித்துவிட்டேன். பிழையை இஞ்சினியரின் தலையில் போடலாம். அவர் இப்போது இல்லை, எனக்கும் மனம் வரவில்லை.

வேலையை விட்டு இரண்டு வருடம். சாந்துக் கரண்டியைக் கோழிக்கூட்டுக்கு மேல் வைத்திருந்தேன், கைப்பிடி இற்றுப் போயிருந்தது. புதுப்பிடி போட்டேன்.

வியாழக்கிழமை கல்லூரிக்குப் போய், தரையை நானே திருத்தித் தருகிறேன் என்றேன். விடுதிக்குப் பொறுப்பான அம்மா, தமிழ் டீச்சர், நல்ல மனுசி, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“ஐயா, ஆம்பிளையள் உள்ளுக்குப் போகக் கூடாது. திருத்த வேலையெண்டா நாங்க மேலுக்கு எழுதோணும். நாலு தரம் எழுதியாச்சு.”

“அம்மா, மேலுக்கு எழுத எனக்குத் தெரியா. பூசத் தெரியும். எண்ட புள்ள ஞாயித்துக்கெழம பெட்டியத் தூக்கப் போறா.”

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

“உங்கட மனுசியக் கூட்டி வருவீங்களா? பொம்பிளை ஒராள் கூட நிண்டா நான் அதிபரிட்டக் கதைப்பன். பிள்ளையள் வகுப்புக்குப் போன பிறகு.”

இப்படித்தான் ஐம்பத்தெட்டு வயதில் என் மனைவி மேசன் வேலைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை காலை, கறுப்பு அபாயாவை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு சாந்து குழைத்தாள். நாற்பது வருடமாக நான் குழைத்ததைப் பார்த்தவள் அல்லவா, தண்ணீர் அளவு சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வாய்தான் ஓயவில்லை.

“மினாராக் கட்டினாராம். மதகு கட்டினாராம். ஒரு கக்கூசுக்குத் தண்ணி போகல்ல.”

“சாந்த இன்னங் கொஞ்சம் இறுக்கமா எடு.”

“எறுக்கமாத்தான் இரிக்கி. ஒங்கட கைதான் தளந்து போச்சு.”

தளர்ந்துதான் போயிருந்தது. பழைய பூச்சை உளியால் கொத்துவதற்கே ஜும்ஆ நேரம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மலசலகூடம் வேண்டும் என்பதால் மூன்று அன்றைக்கு, மூன்று மறுநாள் என்று பிரித்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டு ஊர்ந்து ஊர்ந்து பூசினேன். முன்னொரு காலம் ஒரு மத்தியானத்தில் முடித்த வேலை. ஜும்ஆ தொழுத பிறகு பள்ளிவாசல் தூணில் சாய்ந்தவன் எழும்ப முடியாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் கடைசித் துவாரத்தடியில் கரண்டியை இழுத்து முடித்தபோது, மனைவி என் கக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அந்த இரண்டு நாளும் மகள் எங்களிடம் வரவில்லை. விறாந்தை முனையில் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை இரவு கல்லூரிக்குப் பக்கத்தில் மனைவியின் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை மறுபடி போனோம். முதலில் பூசிய பக்கம் நன்றாக இறுகியிருந்தது. பொறுப்பான அம்மா வந்தார். சீனியர் பிள்ளைகளும் வந்தார்கள். ஒற்றைக் கால் என்று கேட்டவள் யாரென்று மகள் காட்டித் தரவில்லை, ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

“ஊத்தட்டா, பாஸ்?”

“ஊத்து மகள். வாசல்ல ஊத்து.”

வாசலடியில் ஊற்றினாள். தண்ணீர் பரந்து நின்றது. பிறகு ஒரு விளிம்பு மெல்ல அசைந்தது. மற்றதும் அதன் பின்னால் போனது. மூலைக்குப் போய்த் துவாரத்தில் இறங்குகிற சத்தம் கேட்டது. தரையில் ஈரம் மட்டும் மிச்சம். அந்தப் பிள்ளை குனிந்து கையால் தடவிப் பார்த்தாள்.

“போகுது டீச்சர்” என்றாள். அவ்வளவுதான் பாராட்டு. எனக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் கேட்டடிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மகள் பெட்டியோடு வருவாளா, வெறும் கையோடு வருவாளா என்று தெரியாது. தண்ணீர் ஓடியதற்கும் அவள் நிற்பதற்கும் உறுதியான சம்பந்தம் ஒன்றும் இல்லை. மனைவி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதிலும் நான் கட்டியதுதான்.

அவள் வந்தாள். கையில் என் கரண்டி மட்டும் இருந்தது. விறாந்தையில் மறந்துவிட்டேன்.

“வாப்பா, நீங்க போங்க. எனக்கு நாளைக்கு எட்டு மணிக்கு வகுப்பு.”

“தும்புத்தடி?”

“இனி அதுக்கு வேல இல்லத்தானே. பேருதான் போகல்ல. பாஸ்ட மகள்தான். இரிக்கட்டும்.” கரண்டியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “இனி கேட்டடியில நிண்டு ஒண்டும் கதைக்காதீங்க வாப்பா.”

ஓம் என்றேன். கேட்டடியில் கதைக்க மாட்டேன். அதனால்தான் இதைக் கொப்பியில் எழுதுகிறேன்.

வருகிற மாதம் விடுதிக்கு வர்ணம் பூசப் போகிறார்களாம், பளிங்குக் கல்லையும் கழற்றிக் கழுவிப் பதிப்பார்களாம். இப்போதே கேட்டு வைக்கிறேன். இந்தக் கொப்பியில் நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. அந்தக் கல்லில் எழுதுங்கள். மூன்று பெயருக்கும் கீழே இடம் இருக்கிறது, நான் விரல் வைத்து அளந்து பார்த்தேன். இன்ன மேசன் கட்டினார், மலசலகூடத்தைக் கிப்லாவை விட்டுத் திருப்பினார், தரையைப் பிழையாகப் பூசினார், வந்து திருத்தினார் என்று நான்கையும் போடுங்கள். பிழையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் போடச் சொல்ல மாட்டேன், பிழையும் என் கைதான். சாந்து குழைத்தவளின் பெயரையும் போட வேண்டும் என்று இங்கே ஒருத்தி பக்கத்தில் நின்று சொல்கிறாள். அதையும் போடுங்கள், எனக்குக் கீழே.