கோர்ட்டில் கிடந்த பந்து

2022 ஆடிப்பெருக்கு அன்று, கலந்து வைத்த ஐந்து வகைச் சாதத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அகிலன் இரண்டு பெட்டிகளோடு வீட்டை விட்டு இறங்கினான். “அவளா நானான்னு முடிவு பண்ணிக்கோ” என்று அம்மா ஷ்யாமளா சொல்லியிருந்தாள். காதலித்த பெண்ணோடு அவன் விமானத்தில் போகிற தூரத்திலிருக்கும் சன்னிவேலில் குடியேறிவிட்டான்.

ஷ்யாமளா அமெரிக்க ஊரான சுகர் லேண்டில் தமிழ்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவள். உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியபடியே பேசுவாள். ஊசியும் விழாது, பேச்சும் நிற்காது. ஃப்ரீவேயில் பறக்கிற வண்டிகள் என்றால் பயம், கார் எடுக்கமாட்டாள். தபால் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் பாதித் தையலில் எழுந்து வாசலுக்கு ஓடுவாள்.

கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று பார்க்க.

கணவர் காலமானபின் வீடு அவள் பேரிலும் மகன் பேரிலும் இருக்கிறது. “பெத்த புள்ளையே கோர்ட்டுக்கு இழுத்துட்டான், வீட்டைப் பிடுங்க” என்று அளவு கொடுக்க வருகிற எல்லோரிடமும் சொல்வாள். போய் எட்டு மாதம் கழித்து அவன் அனுப்பிய மெசேஜை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை, மானம் போய்விடுமாம். பதிலும் போடவில்லை. ஏனென்று கேட்பவர்களிடம் சொல்வாள்: “சீரியல் பாக்கறதில்லையா? எழுதிக் குடுத்தா எவிடன்ஸ் ஆயிடும்டி.”

இரண்டு வருடம் தாண்டியும் நோட்டீஸ் வரவில்லை. ஒருநாள் ஜாக்கெட் வாங்க வந்த சாந்தி பொறுக்கமுடியாமல், “எந்த ஊர் கோர்ட்டுன்னாவது பாக்கறேன், குடுங்க ஆன்ட்டி” என்று போனை வாங்கி மெசேஜைப் படித்தாள்.

“வீ வான்ட் டு கம் ஹோம். பால் இஸ் இன் யுவர் கோர்ட், அம்மா.”

“ஐயோ ஆன்ட்டி! இது ஜட்ஜ் உக்கார்ற கோர்ட் இல்ல, டென்னிஸ் ஆடற கோர்ட். பந்து உங்க பக்கம் வந்தாச்சு, இனிமே நீங்கதான் அடிக்கணும்னு அர்த்தம். நீங்க ‘வாடா’ன்னு சொல்லுவீங்களான்னு கேட்டிருக்கான்.”

ஷ்யாமளா உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

“வீடு வேணும்னு கேக்கலையா?”

“வீட்டுக்கு வரணும்னு கேட்டிருக்கான்.”

அங்கேயே உட்கார்ந்து, ‘ரெண்டு பேரும் வாங்கடா’ என்று தட்டி அனுப்பினாள். அதன்பிறகு தபால் வண்டிக்கு எழுந்திருக்கவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு தைத்தாள்.

பதினோராம் நாள் ஆங்கிலத்தில் பதில் வந்தது. ராங் நம்பர், போன வருடத்திலிருந்து இது என்னுடைய நம்பர், மன்னிக்கவும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அகிலனுடைய வேறு நம்பர் அவளிடம் இல்லை. சன்னிவேலில் எந்தத் தெரு என்றும் தெரியாது.

ஷ்யாமளா அந்தப் பதிலை அழித்தாள். பிறகு தான் அனுப்பியதையும் அழித்தாள். இப்போது போனில் கடைசியாக நிற்பது அகிலனின் மெசேஜ்தான்.