உறைந்த ஒட்டகமும் மச்சானின் ஃப்ரிட்ஜும்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளில் பொய் சொல்லாதவர் ஒருவர் உண்டு என்றால் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், அவர் எங்கும் ஓடிவிட மாட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் கடையில் அதுதான் வழக்கம். தேறும் என்றால் தேறும், தேறாது என்றால் தேறாது. "உங்க ஃப்ரிட்ஜ் போயிடுச்சுங்க. அழுதுட்டுப் புதுசு வாங்குங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவர் மனைவிக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. பிறந்த வீட்டு ஆட்கள் யார் கிடைத்தாலும், "எங்க வீட்டுக்காரர் வாயில பொய்யே வராது" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அவருடைய இன்னொரு சொத்து, காது. ஸ்க்ரூடிரைவரின் நுனியை கம்ப்ரசர்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். வியாதி தெரிந்துவிடும். போனில் கூப்பிடுகிறவர்களையும் விடமாட்டார். "எப்படிச் சத்தம் போடுது? நீங்க போட்டுக் காட்டுங்க" என்பார். பேங்க் மேனேஜர்கள், வக்கீல்கள், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி உட்பட எத்தனையோ பெரிய மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் "ஊஊஊம்" என்று முனகியிருக்கிறார்கள்.

அப்படி முனகியவர்களில் ஒருவர்தான் பல் டாக்டர். கிளினிக்கில் மருந்து வைக்கிற சின்ன ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தது. அவர் முனகிய முனகல் அச்சு அசல் கம்ப்ரசர்.

"சார், நீங்க பாட்டுப் பாடுவீங்களா?"

"கிட்டார் வாசிப்பேன். கேக்கத்தான் ஆள் இல்ல."

மெக்கானிக்கும் இளவட்டத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அது பீரோவுக்குப் பின்னால் போனது, போனதுதான். அன்று சாயங்காலமே பீரோவை நகர்த்தினார். மனைவி, பெருக்கத்தான் நகர்த்துகிறார் என்று நினைத்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாள்.

இப்படிப் பிறந்தது 'உறைந்த ஒட்டகம்' என்ற இசைக்குழு. பெயர் டாக்டர் வைத்தது. அவருக்குப் பாலைவனத்து ஒட்டகக்காரர்களின் பாட்டு பிடிக்கும், தேவாலயத்து ஆர்கன் பிடிக்கும், பழைய குதிரைச் சண்டைப் படங்களின் பின்னணி இசை பிடிக்கும், தன் பல் குடைகிற மெஷினின் சத்தமும் பிடிக்கும். நாலையும் ஒரே பாட்டில் கொட்டிக் கிளறுவார். இதற்கு சைகடெலிக் ராக் என்று பெயர் என்றும், உலகத்தில் பல பேர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள் என்றும் சொன்னார். டிரம்ஸுக்கு போஸ்டாபீஸ் அக்கா. பதினெட்டு வருடம் கடிதங்களின் தலையில் முத்திரை குத்திய கை. ஒரு தாளத்தைப் பிடித்தால் கவுன்டர் மூடும் நேரம்வரை விடாது. சனிக்கிழமை மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூவரும் வாசிப்பார்கள். மெக்கானிக்கின் மனைவி ஒரே ஒரு தடவை வந்து கேட்டாள். "தலை சுத்துது, ஏதாவது சாப்பிட்டாத்தான் சரியாகும்" என்று கிளம்பிவிட்டாள்.

வினை, ஆறு மாதத்துக்கு முன்னால், மச்சானின் வண்டியில் வந்து இறங்கியது. மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், அதனால் எதைச் சொன்னாலும் எதிரே லாரி வருகிற மாதிரியே சொல்வார். கொண்டுவந்தது ஆளுயர ஃப்ரிட்ஜ், வெளிர் நீலம்.

"நல்லாத்தான் குளிருது மாப்பிள்ளை! ஆனா முனகுது! வீட்ல ஒருத்தரும் தூங்க முடியல!"

மெக்கானிக் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். கம்ப்ரசருக்கு அடியில், அதிர்வு தாங்குகிற நாலு ரப்பரும் தேய்ந்து கிடந்தன. மாற்றப் பத்து நிமிடம் போதும். ரப்பருக்குச் சொல்லிவிட்டார், மூன்றாம் நாள் வந்தும்விட்டது. அன்று சனிக்கிழமையாக இருந்ததுதான் கெட்ட நேரம். டாக்டர் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் முனகியது.

அப்படி ஒரு முனகல். எந்தச் சுரத்திலும் சேராமல், இரண்டு சுரங்களுக்கு நடுவில் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தது. கேட்கக் கேட்க நெஞ்சுக்குள் ஏதோ மிதந்தது.

"அண்ணே, ரப்பர்ல கை வைக்காதீங்க" என்றார் டாக்டர்.

ஒரு வாரம் என்று ஆரம்பித்தார்கள். ஒட்டகத்தின் ஒன்பது பாட்டுகளும் அந்த முனகலின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. அது நிற்காமல் ஓட, கதவைத் திறந்தே வைத்தார்கள். குளிர் ஏறினால்தானே கம்ப்ரசர் ஓயும்? முனகலைப் போனில் பதிவு செய்தால் கொசு மாதிரி கேட்டது. சுருதி காட்டுகிற கருவியை வைத்தால் முள் இங்கேயும் அங்கேயும் ஆடிவிட்டுப் படுத்துக்கொண்டது. அந்த ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு பாட்டைக்கூடத் தொடங்க முடியாது என்ற நிலைமைக்கு மூன்று புத்திசாலிகளும் வந்து சேர்ந்தார்கள்.

மச்சான் போன் செய்தபோது, "பார்ட் வரல மச்சான்" என்றார் மெக்கானிக். வாழ்க்கையின் முதல் தொழில் பொய். மனைவி கேட்டபோதும் அதையே சொன்னார். அடுத்த மாதம் பார்ட் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த மாதம் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றது. ஆறாவது மாதம் அந்தக் கப்பலின் கேப்டனுக்கு உடம்பு சரியில்லை. பாவம், பொய்யில் பழக்கமில்லாத மனிதர், அளவு தெரியவில்லை. நாலு ரப்பரும் டூல்பாக்ஸில் இருந்தன. அதைத் திறக்கும்போதெல்லாம் அவற்றை ஸ்பானருக்கு அடியில் தள்ளிவிட்டுக்கொண்டார்.

பூங்கா மேடையில் வாசிக்க அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ஒட்டகத்தின் முதல் கச்சேரி. மறுநாளே மச்சானின் போன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரேன்! கேப்டன் பொழைச்சாலும் சரி, பொழைக்காட்டியும் சரி! வேற மெக்கானிக்கிட்ட காட்டிக்கிறேன்!"

வேறு மெக்கானிக் என்றால் இரண்டு நிமிடத்தில் பின்பக்கத்தைத் திறந்து, "இதுக்கா ஆறு மாசம்?" என்று சிரிப்பான். இருபத்திரண்டு வருடப் பெயர் அதோடு காலி. மனைவி அதற்கப்புறம் பிறந்த வீட்டில் எந்த முகத்தோடு வாயைத் திறப்பாள்? கச்சேரி முடிந்த கையோடு ரப்பரை மாட்டி ஐந்து மணிக்குள் கடைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று மெக்கானிக் கணக்குப் போட்டார்.

மச்சான் டிரைவிங் ஸ்கூல்காரர். சாயங்காலம் என்றால் மூன்றுக்கே வந்துவிடுவார் என்பது கணக்கில் விட்டுப்போனது.

கடை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் இல்லை. பூங்காவில் கச்சேரி என்று சொன்ன தங்கையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மச்சான் அங்கே விரட்டினார். அங்கே மேடை நடுவில், கதவு அகலத் திறந்து, விளக்கெரிய, முன்னால் மைக் வைத்து, பாடகரைப் போல நின்றிருந்தது அவருடைய ஃப்ரிட்ஜ். இருநூறு பேர் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டு பதினான்காவது நிமிடத்தில் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தார்.

மச்சான் படியேறி மேடைக்கு வந்தார். திட்டத்தான் வந்தார். ஆனால் திறந்து கிடக்கிற ஃப்ரிட்ஜைப் பார்த்ததும் குடும்பஸ்தனின் கை சும்மா இருக்குமா?

"கதவைத் திறந்து போட்டுட்டு என்ன பண்றீங்க!" என்று படாரென்று சாத்தினார்.

இரண்டு நிமிடம். குளிர் ஏறியது. கம்ப்ரசர் ஒரு தடவை உதறிக்கொண்டு நின்றது. முனகல் போனது. டாக்டரின் விரல் வழுக்கியது, பாட்டு குப்புற விழுந்தது. போஸ்டாபீஸ் அக்கா மட்டும் குத்திக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார்.

"வாசிங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் மேடைக்குக் கீழே, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கேப்டனைப் பற்றி இன்னொரு வார்த்தை அவரால் சொல்ல முடியவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"மச்சான், பார்ட் அப்பவே வந்துடுச்சு. பத்து நிமிஷ வேலை. இந்தச் சத்தம் பிடிச்சுப்போய் நான்தான் பண்ணாம வச்சிருந்தேன். கப்பலெல்லாம் பொய்."

சொன்னவர் டூல்பாக்ஸைத் திறந்தார். பின்பக்கத்தைக் கழற்றி, அத்தனை பேர் எதிரில் நாலு ரப்பரையும் மாட்ட ஆரம்பித்தார். பொழுது போகாமல் அக்கா குச்சியால் லேசாகத் தட்டினார். ஸ்பானர் சுற்றும் சத்தத்துக்கு டாக்டர் இரண்டு தந்தியை மீட்டினார். கூட்டம் இதுவும் ஒரு பாட்டு என்று நினைத்துக்கொண்டது. பத்தாவது நிமிடம் ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தது, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இருநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நிசப்தத்தைக் கேட்டார்கள். மச்சான் கதவில் காதை வைத்தார்.

"ஓடுதா மாப்பிள்ளை?" முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"ஓடுது மச்சான்."

கைதட்டல் பூங்காவைப் பிளந்தது. மச்சானுக்குக் கோபம் எங்கே போனதோ, குனிந்து கும்பிட்டுவிட்டு ஃப்ரிட்ஜோடு கிளம்பினார்.

வீடு வந்ததும் மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், மூலையில் இருந்த தங்கள் ஃப்ரிட்ஜைக் காட்டினாள்.

"மூணு வருஷமா இது கத்துது. ஊரார் ஃப்ரிட்ஜெல்லாம் போன்லயே கேக்குதே, இது ஒரு நாளாவது உங்க காதுல விழுந்துச்சா?"

விழவில்லை. அவமானத்தோடு ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தார். கொடுத்தவருக்கு மயிர் கூச்செறிந்தது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு குரல். மச்சானுடையது இதன் கால்தூசி பெறாது.

"சரி பண்ண எத்தனை நாளாகும்?" என்றாள்.

பார்ட் வரணும் என்பது தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"பத்து நிமிஷம். ஆனா எனக்கு இந்தச் சத்தம் வேணும்."

அவள் கைப்பையை ஃப்ரிட்ஜ்மேல் வைத்தாள்.

"இதைச் சொல்ல ஆறு மாசமா?" என்றாள். "மூணு வருஷம் கேட்டவ, இன்னும் கொஞ்ச நாள் கேக்கமாட்டேனா? சனிக்கிழமை அவங்களை இங்கயே வரச் சொல்லுங்க. பத்து நிமிஷத்துக்கு மேல எந்தப் பாட்டு போனாலும் நானே பிளக்கைப் பிடுங்கிடுவேன்."