மணந்து பார்த்த செவ்வந்தி

அந்த மார்கழி முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் வழங்காமல் போன என் கணவர், பேச்சுமின்றிச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் மழையில் சாய்ந்த செவ்வந்திக் கொப்பொன்றை வெட்டி, ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டுக் கட்டிலருகே வைத்தேன். முகம் திரும்பியது. பூவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூன்று கிழமைக்குப் பிறகு!

கொப்பு ஒரு கிழமை நின்றது. அது வாட, இவர் முகம் மறுபடி சுவருக்குப் போனது. அடுத்த கொப்புக்கு ஓடினால் செடியில் வெறும் காம்பு. திருவெம்பாவை தொடங்கிவிட்டதல்லவா, முன்வீட்டு அக்கா விடியுமுன்னே படலை திறந்து வந்து மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தார். சாமிக்குப் பூப் பறிப்பவரை எங்கள் ஊரில் யாரும் மறிப்பதில்லை. நான் நாலு மணிக்கு எழும்பினால் அவர் மூன்றரைக்கு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளாஸ்ரிக் பூ வாங்கி வைத்தேன், இவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் ஒன்பது பூ அவிழ்ந்திருந்தன. அந்த நேரத்தில் செடியில் கத்தி வைக்கக்கூடாது. ஆனால் மணப்பதை யார் தடுப்பது? ஒவ்வொன்றாக மூக்கோடு வைத்து மணந்தேன். மணந்த பூ சாமிக்கு ஆகாது.

விடியப்புறம் படலை கிறீச்சிட்டதும் ஓடினேன்.

“அக்கா, உதுகளைத் தொடாதேங்கோ. எல்லாத்தையும் நான் மணந்துபோட்டன்.”

“விசரே பிள்ளை உனக்கு? சாமிக்கெண்டு நிக்கிற பூவை...”

“சாமிக்கு ஊரெல்லாம் பூ இருக்கு. இந்த மனுசனுக்கு இதுதான் இருக்கு!”

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அக்கா யன்னலால் எட்டிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு வெறும் கூடையோடு போய்விட்டார்.

வெட்டி வைத்த செவ்வந்தியைக் கண்டு இவர் முகம் திரும்பியும் எனக்கு நிம்மதியில்லை. ஐயோ, சாமி காரியத்தில் குறுக்கே நின்றுவிட்டேனே என்று அடுப்படிக்கும் படலைக்குமாக அன்று முழுக்க நடந்தேன்.

மறுநாள் அக்கா வந்தார். கையில் செக்கச்சிவந்த அடுக்குச் செவ்வரத்தைப் பூ ஒன்று. தன் வீட்டுப் பிள்ளையாருக்கு மட்டும் வைப்பது, வேறு யாரையும் தொடவிடமாட்டார். என் கண்முன்னே அதை மூக்கில் வைத்து நன்றாக இழுத்து மணந்தார். செவ்வரத்தைக்கு ஏது மணம்?

“இனி இது சாமிக்கு ஆகாது,” என்றார். “கொண்டுபோய் அவருக்கு வை.”